வெளிநாட்டில் நர்சாகப் பதிவு பெறுவது எப்படி?



வாலாஜாபாத்திலும், அதை அடுத்த அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டை போன்ற நெசவு ஊர்களிலும், இன்று பல வீடுகளில் நர்சிங் படித்த பெண் ஒருத்தி இருக்கிறாள். தகப்பனார் தறியில் உட்கார்ந்து சம்பாதித்த பணமும், சபையார் கொடுத்த உதவியும், வங்கிக் கடனும் சேர்ந்து அவளைப் படிக்க வைத்திருக்கின்றன. படிப்பு முடிந்து இரண்டொரு வருஷம் வேலை பார்த்தபின், "லண்டன் போகலாம், துபாய் போகலாம், இத்தனை லட்சம் கட்டினால் போதும்" என்று யாராவது சொல்லிக்கொண்டு வருகிறார்கள். குடும்பத்தார் குருவானவரிடமோ, மருத்துவத் துறையில் தெரிந்தவரிடமோ வந்து, "பணம் கட்டலாமா?" என்று கேட்கிறார்கள்.

ஆதரவாளர்களில் சிலர் வேறொரு கேள்வியும் கேட்கிறார்கள். "நாம் கொடுத்துப் படிக்க வைத்த பெண்கள் கடல் கடந்து போய்விட்டால், இங்குள்ள நோயாளிகளை யார் பார்ப்பது?" என்பது அது. முதல் கேள்வியை விளக்கமாகவும், இரண்டாவதைக் கடைசியிலும் பார்ப்போம்.

பதிவு என்றால் என்ன?

நர்சிங் தேர்வில் தேறுவது வேறு, நர்சாகப் பதிவு பெறுவது வேறு. தேர்வுச் சான்றிதழ், ஒருவர் படித்தார் என்பதைக் காட்டுகிறது. பதிவு என்பது, "இவரிடம் நோயாளியை நம்பி ஒப்படைக்கலாம், தவறு செய்தால் இவரை விசாரிக்கவும் நீக்கவும் எங்களுக்கு அதிகாரம் உண்டு" என்று சட்டப்படி அமைந்த ஒரு குழு சொல்வதாகும்.

ஒரு காலத்தில் வெள்ளை உடை உடுத்திய எவரும் தம்மை நர்ஸ் என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. நர்சுகளைப் பதிவு செய்யத் தனிச் சட்டம் கொண்டுவந்த முதல் நாடு நியூசிலாந்து. அது 1901-ஆம் ஆண்டு. பிரிட்டனில் இச்சட்டம் 1919-இல் வந்தது. நம் சென்னை மாகாணத்தில் 1926-இல் நர்சுகள், மருத்துவச்சிகள் சட்டம் வந்தது. அதன்படி அமைந்ததே இன்று சென்னை சாந்தோம் நெடுஞ்சாலையில் இயங்கும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமம். நம் பிள்ளைகள் இதைச் சுருக்கமாக "கவுன்சில்" என்கிறார்கள். அகில இந்திய அளவில் படிப்பின் தரத்தை வகுப்பதற்கு 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்திய நர்சிங் கவுன்சில் ஏற்பட்டது. இவ்வேலைகளைப் புதிய ஆணையங்களிடம் ஒப்படைப்பதற்கான சட்டத்தை நாடாளுமன்றம் 2023-இல் நிறைவேற்றியிருக்கிறது.

இந்தப் பதிவு நாட்டின் எல்லையோடு நின்றுவிடுகிறது. தமிழ்நாட்டில் பதிவு பெற்று இருபது வருஷம் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்த சிஸ்டரானாலும், இங்கிலாந்தில் இறங்கியவுடன் அங்கே அவர் நர்ஸ் அல்ல. அந்நாட்டின் குழு அவரைத் தன் பதிவேட்டில் சேர்த்த பிறகே பதிவு பெற்ற நர்ஸ் என்ற பெயரோடு வேலை செய்யலாம்.

இதைக் கேட்டு மனம் வருந்துகிறவர்கள் உண்டு. ஆனால் காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலை வாங்க வருகிறவர், நெய்தவர் நல்லவர் என்று தெரிந்தும், ஜரிகையைச் சோதித்துப் பார்த்துத்தானே வாங்குகிறார்? அது நெசவாளருக்கு அவமானம் அல்ல. நல்ல ஜரிகை போட்டவர் சோதனைக்குப் பயப்படுவதும் இல்லை.

யார் விண்ணப்பிக்கலாம்?

பெரும்பாலான நாடுகள் ஏற்றுக்கொள்வது, அங்கீகாரம் பெற்ற பள்ளியில் படித்த பொது நர்சிங் டிப்ளமா, அல்லது நான்கு ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் பட்டம். கிராம சுகாதார வேலைக்கான ஏ.என்.எம். படிப்பு மட்டும் உள்ளவரை அவை நர்சாகப் பதிவு செய்வதில்லை. சிற்றூர்களில் மாடிக் கட்டடங்களில் நடக்கும் ஆறு மாத, ஒரு வருஷ "நர்சிங்" வகுப்புகளின் சான்றிதழுக்கு நம் தமிழ்நாட்டுக் கவுன்சிலிலேயே நர்சாகப் பதிவு கிடையாது. இந்த வகுப்பில் பிள்ளையைச் சேர்க்கும்போதே, "வெளிநாடு போகலாம்" என்று ஆசை காட்டுகிறார்கள். சேர்க்கும் முன்பே, அப்பள்ளி கவுன்சிலின் அங்கீகாரப் பட்டியலில் உள்ளதா என்று பார்த்துக்கொள்வது பெற்றோரின் கடமை.

வீட்டிலேயே முடிக்க வேண்டிய வேலை

விண்ணப்பங்கள் பல மாதம் நின்றுபோவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று பெயர். நம் வழக்கத்தில் குடும்பப் பெயர் இல்லை. தகப்பனார் பெயரின் முதலெழுத்து மட்டுமே உண்டு. பள்ளிச் சான்றிதழில் "எஸ். மேரி" என்றும், பாஸ்போர்ட்டில் "மேரி செல்வராஜ்" என்றும், கல்யாணத்துக்குப் பின் எடுத்த ஆதாரில் கணவர் பெயரோடும் இருக்கும். ஞானஸ்நானப் பெயர் வேறு, பள்ளிப் பெயர் வேறு என்பதும் உண்டு. வெளிநாட்டில் இருக்கும் அதிகாரிக்கு இவை மூன்றும் மூன்று பேராகவே தெரியும். எழுத்துக்கூட்டலில் ஒரு எழுத்து மாறினாலும் விளக்கம் கேட்பார்கள். ஆகவே பாஸ்போர்ட், பத்தாம் வகுப்புச் சான்றிதழ், நர்சிங் சான்றிதழ், கவுன்சில் பதிவு ஆகிய நான்கிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். பெயர் மாற வேண்டுமானால், தமிழ்நாடு அரசிதழில் முறைப்படி வெளியிட்டு, அதைக்கொண்டு மற்றவற்றைத் திருத்தலாம்.

அடுத்தது பதிவைப் புதுப்பித்தல். வேலையில் சேர்ந்தபின் கவுன்சில் பக்கமே போகாதவர்கள் அநேகர். காலாவதியான பதிவை வெளிநாட்டுக் குழு ஏற்றுக்கொள்ளாது. இந்திய நர்சிங் கவுன்சில் ஏற்படுத்திய தேசிய நர்சுகள் பதிவேட்டில் சேர்ந்து அடையாள எண் பெற்றிருப்பதும் நல்லது.

மூன்றாவது, படிப்பின் விவரப் பட்டியல். இதை "டிரான்ஸ்கிரிப்ட்" என்பார்கள். எந்தப் பாடம் எத்தனை மணி நேரம் வகுப்பில் நடந்தது, எந்த வார்டில் எத்தனை மணி நேரம் வேலை செய்தார் என்பதெல்லாம் அதில் வரும். இதைப் படித்த பள்ளிதான் தர முடியும். மிஷன் ஆஸ்பத்திரி நர்சிங் பள்ளிகளில் படித்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்களில் பலருக்குத் தேர்வு நடத்தியது அரசுத் தேர்வுக் குழு அல்ல. இந்தியக் கிறிஸ்தவ மருத்துவச் சங்கத்தைச் சேர்ந்த நர்சுகள் சங்கத்தின் தென்னிந்தியக் கிளைக் கல்விக் குழு. ஆகவே அவர்களுக்கு விவரப் பட்டியல் பள்ளியிலிருந்தும், மதிப்பெண் சான்று அக்குழுவிடமிருந்தும், பதிவுச் சான்று கவுன்சிலிலிருந்தும் என்று மூன்று இடங்களிலிருந்து வர வேண்டும். பட்டதாரிகளுக்கு, அநேகமாக, தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் சான்றுகள் தேவைப்படும்.

நான்காவது, நன்னடத்தைச் சான்று. "இவர் எங்கள் பதிவேட்டில் இருக்கிறார், இவர்மேல் ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இல்லை" என்று நம் கவுன்சில் அந்நாட்டுக் குழுவுக்கு நேரடியாகத் தெரிவிப்பது இது. பல நாடுகளில் விண்ணப்பதாரர் தம் கையால் கொடுக்கும் நகலை ஏற்பதில்லை. போலிச் சான்றுகளால் வந்த கட்டுப்பாடு இது. "கவுன்சில் சான்றை நானே வாங்கித் தருகிறேன்" என்று ஏஜென்ட் சொன்னால் அங்கேயே சந்தேகப்பட வேண்டும்.

இங்கிலாந்துக்குப் போகிறவர்கள்

இங்கிலாந்தில் பதிவேட்டை வைத்திருப்பது நர்சிங் மற்றும் மிட்வைஃபரி கவுன்சில். என்.எம்.சி. என்று அழைக்கப்படும் இது 2002-இல் தொடங்கியது. அங்கே பதிவு பெற நான்கு படிகள் உண்டு.

முதலாவது ஆங்கிலம். ஐ.இ.எல்.டி.எஸ். அகாடமிக் தேர்வில் வாசித்தல், கேட்டல், பேசுதல் மூன்றிலும் 7-ம், எழுதுதலில் 6.5-ம் வேண்டும். அல்லது மருத்துவத் துறையினருக்கென்றே நடக்கும் ஓ.இ.டி. தேர்வில் அம்மூன்றிலும் "பி" தரமும், எழுதுதலில் "சி பிளஸ்" தரமும் வேண்டும். தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த பெண்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். ஓ.இ.டி.யில் நோயாளியோடு பேசுவது, வேறொரு மருத்துவருக்குக் கடிதம் எழுதுவது போன்றவை வருவதால், வார்டில் பழகியவர்களுக்கு அது ஓரளவு எளிதாக இருக்கிறது.

இரண்டாவது, கணினித் தேர்வு. சி.பி.டி. எனப்படும் இதை இந்தியாவிலேயே எழுதலாம். மருந்து அளவுக் கணக்கு 15 கேள்விகள். நர்சிங் அறிவு 100 கேள்விகள்.

மூன்றாவது, வேலை உத்தரவும் விசாவும். நான்காவது, இங்கிலாந்து போன பிறகு அங்கேயே செய்ய வேண்டிய செய்முறைத் தேர்வு. இதை "ஆஸ்கி" என்கிறார்கள். பத்து நிலையங்கள் இருக்கும். நோயாளியாக நடிக்கும் ஒருவரைப் பரிசோதித்து, அவருக்கான கவனிப்பைத் திட்டமிட்டு, மருந்து கொடுத்து, அடுத்தவரிடம் ஒப்படைப்பது வரை நான்கு நிலையங்கள், கைத்திறமைக்கு நான்கு, எழுத்துமூலம் இரண்டு. கை கழுவுவதை மறந்தாலும், நோயாளியின் பெயரைக் கேட்டுச் சரிபார்க்காமல் மருந்தை நீட்டினாலும் தோல்விதான். இங்கே நூறு நோயாளிகளை வேகமாகக் கவனித்துப் பழகிய அனுபவசாலிகள் அங்கே முதல்முறை தவறிவிடுவது இதனால்தான். அவர்களுக்கு வேலை தெரியாமல் இல்லை. செய்வதை வாய்விட்டுச் சொல்லி, நோயாளியிடம் அனுமதி கேட்டுச் செய்யும் வழக்கத்துக்கு மாற வேண்டியிருக்கிறது. தேறும்வரை நர்சுக்குரிய ஐந்தாம் நிலைச் சம்பளம் இல்லை, கீழ்நிலைச் சம்பளமே. வேலையில் சேர்ந்து 12 வாரத்துக்குள் முதல்முறை தேர்வுக்குப் போக வேண்டும்.

செலவுக் கணக்கைப் பாருங்கள். 2025-ஆம் ஆண்டு நிலவரப்படி, படிப்பை மதிப்பிட 140 பவுண்டு, கணினித் தேர்வுக்கு 83 பவுண்டு, செய்முறைத் தேர்வுக்கு 794 பவுண்டு, பதிவில் சேர்க்க 153 பவுண்டு. மொத்தம் 1,170 பவுண்டு; நம் பணத்தில் ஒன்றேகால் லட்சம் ரூபாய்க்கு மேல். இதில் பெரும்பகுதியான செய்முறைத் தேர்வுக் கட்டணத்தை, வேலைக்கு எடுக்கும் ஆஸ்பத்திரியே கட்டுவது வழக்கம். ஆங்கிலத் தேர்வுக் கட்டணமும் பயிற்சியும் தனி. அப்படியிருக்க, எட்டு லட்சம், பத்து லட்சம் என்று கேட்கிறவர் எதற்காகக் கேட்கிறார் என்பதை யோசிக்க வேண்டும்.

இன்னும் ஒரு எச்சரிப்பு. 2024 முதல் இங்கிலாந்தின் ஆஸ்பத்திரிகள் வெளிநாட்டு நர்சுகளை எடுப்பது வெகுவாகக் குறைந்திருக்கிறது. "முதலில் முதியோர் இல்லப் பணியாளராகப் போங்கள், பிறகு நர்சாகிவிடலாம்" என்ற பேச்சும் இனிச் செல்லாது. வெளிநாட்டிலிருந்து அப்படிப்பட்ட பணியாளரைப் புதிதாக எடுப்பதை அந்நாட்டு அரசு 2025 ஜூலையில் நிறுத்திவிட்டது.

வளைகுடா, அமெரிக்கா, ஜெர்மனி

வளைகுடா நாடுகளில், டேட்டாஃப்ளோ போன்ற நிறுவனங்கள் நம் பள்ளி, ஆஸ்பத்திரி, கவுன்சில் மூன்றுக்கும் எழுதிச் சான்றுகள் உண்மையா என்று விசாரிக்கும். பிறகு கணினித் தேர்வு. சவூதிக்கு ஒரு ஆணையம். எமிரேட்சில் துபாய்க்கு ஒன்று, அபுதாபிக்கு ஒன்று, மற்றப் பகுதிகளுக்கு ஒன்று. பொய்யான அனுபவச் சான்றைக் கொடுத்து அகப்பட்டால், அதன்பின் வேறு வளைகுடா நாட்டிலும் கதவு மூடிப்போகக்கூடும். குவைத், சவூதி, எமிரேட்ஸ் உள்ளிட்ட 18 நாடுகளுக்குப் போகும் நர்சுகளுக்கு, பாஸ்போர்ட் எப்படிப்பட்டதானாலும், குடிபெயர்வு அனுமதி வேண்டும் என்று மத்திய அரசு 2015-இல் உத்தரவிட்டது. ஆள் அனுப்பும் வேலையையும் அரசு நிறுவனங்களுக்குக் கொடுத்தது. தமிழ்நாட்டுக்கு அந்த நிறுவனம், 1978-இல் தொடங்கப்பட்டு சென்னையில் இயங்கும் அயல்நாட்டு மனிதவளக் கழகம்.

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே பதிவு செய்கிறது. ஆனால் தேர்வு ஒன்றே. என்கிளக்ஸ் எனப்படும் அத்தேர்வை இந்தியாவிலேயே எழுதலாம். பதில் சரியாக வரவரக் கேள்வி கடினமாகும். குறைந்தது 85, அதிகமாக 150 கேள்விகள். ஆனால் தேர்வில் தேறினாலும், இந்தியருக்கு நிரந்தரக் குடியிருப்பு விசா வரிசை பத்து ஆண்டுக்கும் மேலாக நீளுகிறது. இதைச் சொல்லாமல் பயிற்சிக் கட்டணம் வாங்குகிறவர்கள் உண்டு.

ஜெர்மனியில் முதல் தடை மொழி. நர்சாகப் பதிவு பெற பொதுவாக பி2 நிலை ஜெர்மன் தேவை. அடியிலிருந்து கற்க ஏறக்குறைய ஒரு வருஷம் பிடிக்கும். அதன்பின் அறிவுத் தேர்வோ, ஆஸ்பத்திரியில் தழுவல் பயிற்சியோ முடிக்க வேண்டும். கேரள அரசின் நோர்கா நிறுவனம் 2021-இல் ஜெர்மன் அரசு வேலைவாய்ப்பு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்து நர்சுகளை அனுப்பி வருகிறது.

ஏஜென்ட் விஷயத்தில் கவனம்

1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான வரியும் மட்டுமே. இங்கிலாந்தின் ஆள்சேர்ப்பு நெறிமுறை, வேலை தேடுகிறவரிடம் கட்டணம் வாங்குவதையே தடை செய்கிறது. பதிவு உண்டா என்பதை அரசின் இ-மைக்ரேட் தளத்திலும், சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்திலும் விசாரிக்கலாம்.

குடும்பத்தார் நினைவில் வைக்க வேண்டியவை:

1. அசல் சான்றிதழ்களை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள். பார்த்துவிட்டுத் திருப்பித் தரட்டும்.

2. பணத்தை ரசீதில்லாமல் கொடுக்காதீர்கள். நகையையும் வீட்டையும் அடகு வைக்கும் முன், தேர்வுக் கட்டணங்களை அந்தந்தக் குழுவின் அறிவிப்பிலேயே பார்த்துக் கூட்டிப் பாருங்கள்.

3. விண்ணப்பக் கணக்கும் கடவுச்சொல்லும் பெண்ணின் கையிலேயே இருக்கட்டும். மின்னஞ்சல் முகவரி ஏஜென்டுடையதாக இருந்தால், கவுன்சில் எழுதுவது அவளுக்கு எட்டாது.

4. வேலை ஒப்பந்தத்தில், இடையில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்று எழுதியிருக்கும். அந்தத் தொகையைக் கையெழுத்துக்கு முன்பே வாசியுங்கள்.

5. ஆங்கிலத் தேர்வு முடிவு பொதுவாக இரண்டு ஆண்டுக்கே செல்லும். மற்றச் சான்றுகள் தயாரான பிறகு எழுதுவது லாபம்.

போகிறவர்களும் இருக்கிறவர்களும்

இப்போது இரண்டாவது கேள்வி. உலக சுகாதார நிறுவனத்தின் 2025-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, உலகில் நர்சுகள் சுமார் 2 கோடியே 98 லட்சம் பேர். ஏழு பேரில் ஒருவர் தாம் பிறந்த நாட்டுக்கு வெளியே வேலை செய்கிறார். ஏழை நாடுகளிலிருந்து கணக்கின்றி ஆள் எடுக்கக் கூடாது என்று அந்நிறுவனம் 2010-இல் ஒரு நெறிமுறையை ஏற்படுத்தியது. ஆள் எடுப்பதில் பாதுகாப்புத் தேவை என்று 2023-இல் அது குறித்த 55 நாடுகளில் இந்தியா இல்லை. ஆகவே இங்கிருந்து எடுப்பது அந்நெறிமுறைக்கு விரோதம் அல்ல.

அதனால் நமக்கு இழப்பு இல்லை என்று சொல்ல முடியாது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நர்ஸ் தனியே பொறுப்பேற்கும் அளவுக்குத் தேற சில வருஷம் ஆகிறது. அந்த நேரத்தில்தான் அவர் போகிறார். அவருடைய இடத்துக்கு வருகிறவர் புதிதாகத் தேறியவர். இரவு நேரத்தில் நோயாளியின் மூச்சு மாறுவதை முதலில் கண்டுபிடிக்கிறவர் நர்ஸ்தான். அனுபவம் குறைந்தால் அதன் விலையை நோயாளி கொடுக்கிறார்.

ஆனால் போகிறவரைக் குறைசொல்லும் முன் அவருடைய சம்பளச் சீட்டையும் பார்க்க வேண்டும். தனியார் ஆஸ்பத்திரி நர்சுகளின் நிலைமை பற்றி உச்ச நீதிமன்றம் 2016-இல் கொடுத்த உத்தரவின்பேரில் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. 50 படுக்கைக்குக் குறைவான ஆஸ்பத்திரியிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றும், 200 படுக்கைக்கு மேற்பட்டவற்றில் அரசு நர்சுக்குச் சமமாக இருக்க வேண்டும் என்றும் அக்குழு பரிந்துரைத்தது. அந்த அளவை எட்டாத ஆஸ்பத்திரிகள் இன்றும் உண்டு. கல்விக் கடன் கட்டி, தம்பி தங்கையைப் படிக்க வைத்து, தாய் தகப்பனுக்கு மருந்து வாங்க வேண்டிய பெண்ணுக்கு இது சிறிய காரியம் அல்ல.

ஆகையால் ஆதரவாளர்கள் செய்யக்கூடியது இரண்டு பக்கமும் உண்டு. போகத் தீர்மானித்த பெண் வட்டிக்கடைக்கும் பொய் ஏஜென்டுக்கும் போகாதபடி, ஆங்கிலத் தேர்வுக் கட்டணத்தை வட்டியில்லாக் கடனாகக் கொடுத்து, திரும்பி வரும் பணத்தை அடுத்த பெண்ணுக்குக் கொடுக்கலாம். சபையில் விவரம் தெரிந்த ஒருவர் அவளுடைய தாள்களைச் சரிபார்த்துக் கொடுத்தாலே பெரிய உதவி. இங்கேயே இருக்கிறவர்களுக்கோ, நல்ல தங்கும் அறை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், மேற்படிப்பு உதவி ஆகியவை அவர்களை நிறுத்திவைக்கும். கட்டடத்துக்குக் கொடுப்பதைப்போல நர்சுகளின் சம்பளத்துக்கும் கொடுக்க முன்வரும் கொடையாளர்கள் வெகு சிலரே. படுக்கையில் கிடக்கிறவருக்கு அருகில் இரவெல்லாம் நிற்பது கட்டடம் அல்ல, நர்ஸ். அடுத்த முறை காணிக்கையைக் குறித்துக் கொடுக்கும்போது இதையும் எண்ணிப் பாருங்கள். போனவர்களையும் இருக்கிறவர்களையும் உங்கள் ஜெபங்களில் நினைத்துக்கொள்ளுங்கள்.